பாம்புச்செவியின் இரட்டைச் சொற்கள்

துப்புத் துலக்கும் நிதானம் என்பவரைத் தேடி வருகிறவர்கள் நகை காணோம், கையெழுத்து போலி, கடையில் யாரோ கைவைக்கிறார்கள் என்று ஏதாவது ஒரு வில்லங்கத்தோடுதான் அந்த மாடிப்படி ஏறுவார்கள். ரேடியோ ஏறி வந்தது ஒரு புத்தகத்துக்காக. அதுவும் பஸ் நிறுத்தக் கடையில் கிளிப் போட்டுக் கயிற்றில் தொங்கவிடுகிற, அறுபத்துநாலு பக்கச் சின்னப் புத்தகத்துக்காக.

ரேடியோ என்பது அச்சகத்தில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர். பதினாறு வருஷமாகக் காலை ஒன்பது மணியிலிருந்து மாலை ஐந்து மணிவரை உரக்க வாசிப்பதே அவள் உத்தியோகம். அச்சுக்குப் போகும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் இரண்டு பேர் சரிபார்ப்பார்கள். எழுதிக் கொடுத்த மூலத்தை ஒருவர் வாசிக்க, இன்னொருவர் அதைக் கேட்டுக்கொண்டே புரூஃபில் கண்ணை ஓட்டிப் பிழை பிடிப்பார். வாசிப்பது ரேடியோ.

“உக்காருங்கம்மா,” என்றார் நிதானம். வீடு தீப்பிடித்தாலும் செருப்பை இடம் வலம் பார்த்து மாட்டிக்கொண்டுதான் வெளியே வருவார் என்று தெருவில் பேச்சு. அந்தப் பெயர் அப்படித்தான் ஒட்டியது. பக்கத்து நாற்காலியில் அவருடைய மச்சினன் இருந்தார். பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். லீவு நாளில்கூட யாரையாவது சந்தேகப்படாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது.

“இதை எழுதினது யாருன்னு தெரியணும்,” என்று ரேடியோ புத்தகத்தை மேசையில் வைத்தாள். நாள் முழுக்க வாசித்தும் தேயாத குரல், இந்த ஒரு வாக்கியத்துக்குத் தடுமாறியது. “எழுதினவர் உயிரோட இருக்காரான்னு தெரியணும்.”

நிதானம் அட்டையைப் பார்த்தார். ‘குழப்பும் இரட்டைச் சொற்கள்’ என்றிருந்தது. எழுதியவர் பெயர் இல்லை. உள்ளே ஆங்கிலச் சொற்கள் ஜோடி ஜோடியாகவும், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு தமிழ்ச் சொல்லும் இருந்தன.

“என் தங்கச்சி மகளுக்குப் பரீட்சைன்னு வாங்கினேன். பஸ்ல உக்காந்து பிரிச்சுப் பாத்தா... இறங்க வேண்டிய இடத்துல இறங்கல சார். கடைசி ஸ்டாப் வரைக்கும் போயிட்டேன்.” அவள் முதல் பக்கத்தைக் காட்டினாள். “இங்கிலீஷ்ல வெயிட்னா காத்திருக்கிறதும் அதான், எடையும் அதான். எழுத்து வேற, சத்தம் ஒண்ணு. புரூஃப்ல ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணு அச்சாகியிருந்தா, நான் வாசிக்கிறப்போ கேக்கிறவருக்கு எப்படித் தெரியும்? சரியாத்தானே கேக்கும்! அதனால நானும் அப்போ என்கூடப் பிழை பிடிச்சவரும் ஒரு வழக்கம் வச்சிருந்தோம். வார்த்தைக்குப் பின்னாடியே ஒரு தமிழ் வார்த்தையை ஒட்டிருவோம். வெயிட் தராசுன்னா எடை. வெயிட் வாசல்னா காத்திருக்கிறது.”

“ஏன் வாசல்?” என்றார் மச்சினன்.

“நானும் கேட்டேன். ‘காத்திருக்கிறவங்க வேற எங்க நிப்பாங்க’ன்னார்.”

மச்சினனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. புத்தகத்தைப் பிடுங்காத குறையாக வாங்கிப் படித்தார். “டியர் கடுதாசி, டியர் கொம்பு! அன்பானவரே ஒண்ணு, மான் ஒண்ணு. பிரேக் சைக்கிள், பிரேக் கண்ணாடி. மெயில் தபால், மெயில் மீசை! ஆம்பளைக்கு மீசையா? ஐயோ, பிரமாதம் அத்தான்!”

“வச்சதெல்லாம் அவர். பிழை திருத்தினவர். ஒன்பது வருஷம் நான் வாசிக்க அவர் கேட்டார். பாம்புச்செவின்னுதான் எல்லாரும் கூப்பிடுவாங்க. நான் ஒரு மூச்சை முழுங்கினாக்கூட ‘அங்க ஒரு கமா இருக்குல்ல?’ன்னு கேப்பார். ஏழு வருஷம் முன்னாடி முதலாளிக்கு ரெண்டு வரி எழுதி வச்சுட்டுப் போயிட்டார். வீட்டையும் காலி பண்ணிட்டார். எனக்கு அரை வரிகூட இல்ல.”

“அப்ப புத்தகம் அவர் எழுதினதுதானே. இதுல என்ன சந்தேகம்?”

“அங்கதான் சார் இடிக்குது.” அவள் பின்பாதியைத் திருப்பினாள். “மார்க் – பார்க். மேட் – பேட். மெயில் – பெயில். ஃபேன் – வேன். இதெல்லாம் ஒரே சத்தமா? சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். இப்படி முப்பது ஜோடி இருக்கு. பாம்புச்செவி கழுத்தை அறுத்தாலும் இப்படி எழுத மாட்டார். யாரோ அவர் சொன்னதையெல்லாம் எடுத்துக்கிட்டு, மிச்சத்தைத் தெரியாம ரொப்பியிருக்காங்க. அவர் இருந்திருந்தா இதை அச்சுக்குப் போக விடுவாரா? அப்ப அவர்...”

கீழே தையற்கடையில் மெஷின் ஓடி ஓடி நின்றது. மச்சினன் தண்ணீர் ஊற்றி நீட்டினார்.

“அவரை ஏன் தேடறீங்கன்னு கேக்கலாமா?” என்றார் நிதானம்.

அவள் சுற்றி வளைக்கவில்லை. “தங்கச்சி ஒரு வரன் பாத்திருக்கா. நல்ல மனுஷன். எனக்கும் நாப்பத்துமூணு ஆச்சு. வெள்ளிக்கிழமைக்குள்ள பதில் சொல்லணும். நான் ஏழு வருஷமா இந்த மனுஷனை நினைச்சுக்கிட்டு இருக்கேன் சார். வாயைத் திறந்து நானும் சொன்னதில்ல, அவரும் சொன்னதில்ல. நான் காத்திருந்தது நிஜத்துக்கா, இல்ல நானா கற்பனை பண்ணிக்கிட்டதுக்கான்னு தெரிஞ்சா போதும்.”

“அவர் வாய் திறந்து சொல்லலைன்னா, எதை வச்சு நினைச்சீங்க?”

அந்தக் கடைசி ஒரு வருஷத்தை அவள் தினமும் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தவள்தான். தேட வேண்டியிருக்கவில்லை. முகம் மட்டும் சிவந்தது.

“எட்டு வருஷம் பக்கத்துப் பக்கத்துலதான் உக்காருவோம். ஒருநாள் மேசையைத் திருப்பிப் போட்டு எனக்கு நேர் எதிர்ல உக்காந்தார். புரூஃபுக்கு மேல இருந்த விளக்கை என் பக்கம் திருப்பி வச்சார். ‘உங்க முகம் இருட்டுல இருக்கு’ன்னார். நான் தாளை உயரத் தூக்கிப் பிடிச்சா ஒரு விரலால அமுக்கிக் கீழ இறக்குவார். முன்னெல்லாம் நான் வாசிக்க வாசிக்கப் புரூஃபைத்தான் பாப்பார். அதுக்கப்புறம் ஒரு வாக்கியம் முடியுற வரைக்கும் என் முகத்தையே பாத்துட்டு, பிறகுதான் புரூஃபைப் பாப்பார். நாளைக்கு நாப்பது பக்கம் ஓடினது பதினஞ்சுக்கு வந்துருச்சு. முதலாளி ரெண்டு பேரையும் திட்டுவார். திட்டு வாங்கினாலும் எனக்கு...” அவள் புடவைத் தலைப்பைத் திருகினாள். “பேசிட்டு இருக்கிறப்போ ஃபோன் அடிச்சா எடுக்கக்கூட மாட்டார் சார். கைக்கெட்டுற தூரத்துல இருக்கும். நம்ம பேச்சை விட ஃபோன் பெருசில்ல அவருக்குன்னு நினைச்சுக்குவேன்.”

“போனது எதனால?”

“ஒரு மருந்துக் கம்பெனிக்குத் துண்டுப் பிரசுரம். ஆறு வயசுக்குக் கீழ கொடுக்கக் கூடாதுன்னு ஒரு வரி. அது புரூஃப்ல விழல. அவர் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டார். இருபதாயிரம் தாள் அச்சாகி, கட்டுக் கட்டி, வண்டியில ஏத்தறப்போதான் யாரோ கவனிச்சாங்க. அவ்வளவையும் கிழிச்சுப் போட்டாங்க. யார் பண்ணதுன்னு முதலாளி குதிச்சார். நான்தான் அந்த வரியை வாசிக்காம விட்டுட்டேன்னு சொன்னேன்.”

“விட்டீங்களா?”

“இல்ல. பென்சில் கீழ விழுந்துச்சு. தாளைக் கையில வச்சுக்கிட்டே குனிஞ்சு எடுத்தேன். எடுத்துக்கிட்டே வாசிச்சேன், நல்லா சத்தமாத்தான். ஆனா அவர் முகத்தைப் பாக்க முடியல சார், வெளுத்துப் போயிருந்தது. பழி என்மேல இருக்கட்டும்னு தோணுச்சு. மூணாம் நாள் அவர் வரல.”

நிதானம் புத்தகத்தை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்தார். புதன்கிழமை சாயங்காலம் அச்சகத்திலேயே சந்திக்கலாம் என்றார். அவ்வளவுதான். மனுஷன் ஒரு ஆறுதல் வார்த்தை சொல்லக் கூடாதா என்று படியிறங்கும்போது ரேடியோவுக்கு ஆத்திரமாக வந்தது.

செவ்வாய்க்கிழமை மச்சினன் தனியாக அச்சகத்துக்கு வந்து இறங்கினார். பாம்புச்செவியின் நாற்காலிக்கு வந்தவனுக்கு ஏழு வருஷம் கழித்தும் ‘புதுசு’ என்றுதான் பெயர். மச்சினனின் சந்தேகம் நேராகப் புதுசு மேல் போய் உட்கார்ந்தது. ரேடியோவோடு வேலை செய்கிறவன், அந்த ஒட்டுச் சொற்கள் எல்லாம் தெரிந்தவன், இங்கிலீஷிலும் சுமார். இதற்குமேல் என்ன வேண்டும்? வாசிப்பு அறைக்கு வெளியே அரை மணி நேரம் நின்று, டிக்கெட் இல்லாத பயணியைப் பார்ப்பது போலப் புதுசைப் பார்த்தார்.

“அக்கா, இவர் ஏன் என்னை முறைக்கிறார்?” என்று புதுசு ரேடியோவிடம் கேட்டான்.

பிறகு மச்சினன் உள்ளே வந்து புத்தகத்தின் பின்பாதியை அவன் முன்னால் விரித்தார். “இது யார் எழுதினது, தெரியுமா?”

புதுசு படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தான். “மார்க்கும் பார்க்கும் ஒரே சத்தமா? எந்த மடையன் எழுதினான்?” அந்தச் சிரிப்பில் கள்ளம் இல்லை. மச்சினன் முகம் தொங்கிப்போனது. போகும்போது ரேடியோவிடம், “அந்தப் பஸ் நிறுத்தக் கடைக்காரனையும் விசாரிச்சேன்க்கா. மாசத்துல முதல் வியாழக்கிழமை ஒரு ஆள் புத்தகக் கட்டோட வருவானாம். பேர் தெரியாதாம். சரியான திமிர் பிடிச்ச ஆளாம். மிச்சச் சில்லறை வாங்காம போறானேன்னு பின்னாடியே கூப்பிட்டாக்கூடத் திரும்பிப் பாக்க மாட்டானாம்,” என்றார்.

பாம்புச்செவிக்குத் திமிரா? டீ கொண்டு வருகிறவரிடம்கூடக் குனிந்து நன்றி சொல்கிற மனுஷன் அவர். அப்படியானால் அது வேறு யாரோ. அன்று மதியத்துக்குமேல் ரேடியோவின் வாசிப்பில் மூன்று இடத்தில் தடங்கல் வந்தது.

புதன்கிழமை ஐந்து மணிக்கு மெஷின்கள் நின்றன. வாசிப்பு அறையில் முதலாளி, புதுசு, ரேடியோ மூவரும் உட்கார்ந்திருக்க, நிதானம் செருப்பை வாசலில் ஒழுங்காக விட்டுவிட்டு வந்தார். அறைக்கு ஒரு பக்கம் முழுக்கக் கண்ணாடித் தடுப்பு. மெஷின் சத்தம் உள்ளே வராமல் இருப்பதற்காகப் போட்டது.

“மச்சான், நீ வெளிய போய்க் கதவைச் சாத்திட்டு, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்னு நான் எழுதித் தர்ற வார்த்தையைச் சொல்லு.”

மச்சினன் துண்டுச் சீட்டை வாங்கிக்கொண்டு போனார். கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை.

“என்ன சொன்னான்?”

“மாடு,” என்றார் முதலாளி. “மாடுதான்,” என்றான் புதுசு. ரேடியோவும் தலையாட்டினாள்.

மச்சினன் கதவைத் திறந்து, “பாடுன்னுதானே சொன்னேன்!” என்றார்.

“உதடு ரெண்டும் ஒட்டிப் பிரியுற விதம் மாவுக்கும் பாவுக்கும் ஒண்ணுதான்,” என்றார் நிதானம். “சத்தத்தை எடுத்துட்டா மாடு எது, பாடு எதுன்னு யாராலயும் சொல்ல முடியாது. அதே மாதிரி மேல்பல்லு கீழுதட்டுல படுற ரெண்டு சத்தம் இருக்கு. ஃபேன்ல வர்றதும் வேன்ல வர்றதும்.” அவர் இழுத்து மூச்சு விட்டுக்கொண்டார். “தெரியாம எழுதினவன் தப்பு நாலா பக்கமும் சிதறிக் கிடக்கும்மா. இந்தப் புத்தகத்துல முப்பது ஜோடியும் இந்த ரெண்டு உதட்டசைவுக்குள்ளயே அடங்குது. இவ்வளவு ஒழுங்கா யாரும் தப்பு பண்ண மாட்டாங்க. எழுதினவருக்கு அந்த வார்த்தையோட சத்தம் நல்லாத் தெரியும். ஆனா தினம் தினம் கடையிலயும் பஸ்லயும் அவரைக் குழப்புறது இந்த முப்பதுதான். ஏன்னா அவர் காதால கேக்கிறதில்ல. வாயைப் பார்த்துத்தான் கேக்கிறார்.”

மேசையைத் திருப்பிப் போட்டது, விளக்கு, தாளை அமுக்கிய விரல் எல்லாவற்றையும் நிதானம் சொல்லும் முன்பே ரேடியோ தானாகவே ஓடிப்போய்ச் சேர்த்துப் பார்த்துவிட்டாள்.

“ஃபோன்,” என்றாள்.

“அடிச்சது அவருக்குத் தெரியவே தெரியாது. வாயைப் பாக்கணும், புரூஃபையும் பாக்கணும்னா நாப்பது பக்கம் எப்படி ஓடும்? பதினஞ்சுதான் ஓடும். நீங்க பென்சில் எடுக்கக் குனிஞ்சீங்க. உங்க வாய் மறைஞ்சுது. அந்த ஒரு வரி அவருக்குப் போய்ச் சேரல. புரூஃப்லயும் இல்ல. நிமிர்ந்து அடுத்த வரியை வாசிச்சப்போ எல்லாம் சரியா இருந்துச்சு. அவர் கையெழுத்துப் போட்டார்.”

முதலாளி எழுந்தே விட்டார். “அப்ப நீங்க அந்த வரியை விடலையாம்மா? ஏழு வருஷமா நான் உங்களைத்தானே...”

“வாசிச்சேன் சார்.”

“ஊரெல்லாம் பாம்புச்செவின்னு கொண்டாடுற ஒரு மனுஷன், காது போயிடுச்சுன்னு யார்கிட்டச் சொல்லுவார்?” என்றார் நிதானம். “ஒரு வருஷம் மறைச்சுப் பாத்தார். கடைசியில பழி உங்க தலையில விழுந்தப்போ அதுக்கு மேல அவரால இங்க நிக்க முடியல. இன்னிக்குக் காலையில அந்தக் கடைக்குப் போனேன். திமிர் பிடிச்ச ஆளோட கையெழுத்து ரசீதுல இருந்துச்சு. முதலாளிகிட்ட இருக்கிற ரெண்டு வரிக் கடிதத்தோட வச்சுப் பாத்தேன். அதே கையெழுத்து. இதை அச்சடிச்ச இடத்துலயும் விசாரிச்சேன், புத்தகத்துல பாதிக் கட்டு காது கேளாதவங்க பள்ளிக்கூடத்துக்குப் போகுது. அந்தப் பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக் கொடுக்கிறவரும் அவர்தான். பின்பாதி முப்பது ஜோடி அவங்களுக்காக எழுதினது. உயிரோட இருக்கார்மா.”

மச்சினன் கை தட்டப் போனவர், ரேடியோவின் முகத்தைப் பார்த்துக் கையை இறக்கிக்கொண்டார்.

உயிரோடு இருக்கிறார். அந்தச் சந்தோஷம் வந்த வேகத்திலேயே இன்னொன்றும் வந்தது. ஏழு வருஷம் அவள் ஒரு பார்வையை வைத்துப் பிழைத்தாள். தங்கை வீட்டுப் பின்கட்டில் துணி உலர்த்தும்போதும், ஜன்னலோர சீட் கிடைத்த பஸ்ஸிலும், காய்ச்சலில் படுத்திருந்தபோதும் அந்தப் பார்வைதான் துணை. அது வேலைக்காகப் பார்த்த பார்வையா? வேறு யார் வாசித்திருந்தாலும் அப்படித்தான் பார்த்திருப்பாரா? அவளுக்குத் தன்மேலேயே வெட்கமாக வந்தது. எல்லோர் முன்னாலும் அழுதாள்.

“அப்ப அவர் என்னைப் பாக்கவே இல்ல. வாயைத்தான் பாத்திருக்கார்.”

முதலாளி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மச்சினன், “அத்தான், ஏதாவது சொல்லுங்க,” என்று நிதானத்தின் சட்டையை இழுத்தார்.

நிதானம் சட்டையைச் சரிசெய்துகொண்டு அவள் பக்கம் திரும்பினார். “சாட்சி இருக்கிறதை மட்டும்தாம்மா நான் சொல்லுவேன். மேசைக்குச் சாட்சி இருக்கு, விளக்குக்கு இருக்கு. மனசுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. நாளைக்கு முதல் வியாழக்கிழமை. பத்து மணிக்கு அவர் கடைக்கு வருவார். கேக்க வேண்டிய ஆள் அவர்தான்.”

அன்று வீட்டுக்குப் போனதும் ரேடியோ தங்கையைக் கூப்பிட்டு, “அந்த வரனை வேண்டாம்னு சொல்லிடு,” என்றாள்.

“அக்கா! யாராவது...?”

“தெரியல. நாளைக்கு அவர் இல்லன்னு சொன்னாலும் எனக்கு இது வேண்டாம். மனசுல ஒருத்தரை வச்சுக்கிட்டு அந்த நல்ல மனுஷனை ஏமாத்தக் கூடாது.” தங்கை, “போடி பைத்தியமே,” என்று அக்காவைக் கட்டிக்கொண்டாள்.

வியாழக்கிழமை ஒன்பதரைக்கே ரேடியோ கடையின் முன்னால் நின்றாள். தெருவுக்கு எதிர்ப்புறம் நிதானமும் மச்சினனும் நின்றார்கள். தனியாகப் போகிறேன் என்று அவள்தான் சொல்லியிருந்தாள். பத்து மணிக்கு ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். கேரியரில் கயிறு கட்டிய புத்தகக் கட்டு. தலை நரைத்திருந்தது, உடம்பு இளைத்திருந்தது. நடை மட்டும் அதேதான்.

“சார்,” என்றாள். ஏழு வருஷமாக உள்ளுக்குள் கூப்பிட்ட குரல் வெளியே வந்தது. அவர் குனிந்து கயிறு அவிழ்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. நாலடி நடந்து, சுற்றிக்கொண்டு போய், வெயில் தன் முகத்தில் விழுகிற பக்கமாக அவருக்கு எதிரே நின்றாள்.

அவர் கையிலிருந்து கட்டு நழுவியது. புத்தகங்கள் தெருவில் சிதறின. அவற்றை எடுக்க அவர் குனியவில்லை.

“எனக்கு எல்லாம் தெரிஞ்சுபோச்சு,” என்றாள் ஒவ்வொரு சொல்லாக, உதடு தெளிவாகப் பிரியும்படி. “ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். அந்த ஒரு வருஷம் என் முகத்தையே பாத்துட்டு இருந்தீங்களே. அது வாசிக்கிறதைக் கேக்கிறதுக்கு மட்டும்தானா?”

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். தன் குரல் எவ்வளவு உயரம் என்று தெரியாத மனுஷன். தெருவே திரும்பிப் பார்க்கிற சத்தத்தில் வந்தது.

“வாசிச்சப்போ பாத்தது வேலைக்குத்தாங்க. வரி முடிஞ்ச பிறகும் பாத்துட்டே இருந்தேனே, அது எந்த வேலைக்கு?”

கடைக்காரர் கிளிப்பைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டார். பஸ்ஸுக்கு நின்ற நாலு பேர் பஸ்ஸை மறந்தார்கள். தெருவுக்கு அந்தப் பக்கம் மச்சினன் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். ரேடியோவுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

“மெதுவாப் பேசுங்க,” என்றாள். “ரோடே கேக்குது.”

அவர் அவள் உதட்டைப் பார்த்தார். பிறகு கண்ணைப் பார்த்தார்.

“கேக்கட்டுமே!” என்றார், இன்னும் சத்தமாக.